ஆளுக்கு ஒரு அரக்குப் பாவாடை

தென்காசி,
15-7-1979

அன்புள்ள அத்தானுக்கு,

கோமதி எழுதிக்கொண்டது. நானும் உலகும் சுகமாக இருக்கிறோம். பம்பாய்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓமம் வறுத்துப் பொடித்துத் தனியாகத் தபாலில் அனுப்புகிறேன். வெந்நீரில் கலந்து குடியுங்கள். ஹோட்டல் சாம்பாரை ஒரு வாரத்துக்காவது தொடாதீர்கள். சொன்னால் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இங்கே சாரல் ஆனி பிறக்கும் முன்பே பிடித்துக்கொண்டது. அடுப்படிக்கு மேலே நாலு ஓடு போய்விட்டது, ஆள் விட்டு மாற்றினேன். சீசன் கூட்டம் குற்றாலத்தில் இடம் பற்றாமல் தென்காசி வரைக்கும் வழிகிறது. டவுன் பஸ்ஸில் கால் வைக்க முடியவில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் வீடு முழுக்க ஈர வாடை.

மில்லில் இருந்து நீங்கள் அனுப்பிய துணிக்கட்டு போன மாதமே ரயில் பார்சலில் வந்தது. சாயம் சீராக ஏறவில்லை என்று கழித்துப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல கெட்டி அரக்கு. உள்துணிக்கு ஆகும், விற்றுவிடு என்றீர்கள். நான் விற்கவில்லை. வேறு ஒன்று செய்திருக்கிறேன். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மாசி மாதம் நடந்த ஒன்றை உங்களுக்கு எழுதாமல் விட்டேன். உலகுவைக் கணக்கு சார் கரும்பலகைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கணக்கில் அவளைத்தானே முதலில் கூப்பிடுவார்கள். போட்டு முடித்துத் திரும்பும்போதுதான் வகுப்பே பார்த்துச் சிரித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பாவாடை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த சார் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போ என்றாராம். புத்தகப் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு மொட்டைக் கோபுரத்தில் இருந்து கடைத்தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறாள். வந்தவள் அழவில்லை. என் கத்திரியை எடுத்து அந்தப் பாவாடையை நாலாக வெட்டினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "வெள்ளதான் உடுத்தணும்னு சொன்னது யாரும்மா?"

நான் போய்த் தலைமையாசிரியை சுகிர்தம் டீச்சரிடம் அதையே கேட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நிர்வாகக் கமிட்டியில் முடிவு செய்ததாம். கமிட்டியில் எத்தனை பெண்கள் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேரேயும் மாதாமாதம் மூன்று கட்டம், நாலு கட்டம் ஆப்சென்ட். உலகு போன வருஷம் அரைப் பரீட்சையில் கணக்கு எழுதாமல் போனது காய்ச்சலால் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா, அது காய்ச்சல் இல்லை.

ஆகவே உங்கள் துணியில் பாவாடை தைத்தேன். தினத்தந்திக் காகிதத்தில் ஆறு முறை வெட்டிப் பார்த்துத்தான் துணியில் கத்திரி வைத்தேன். பின்பக்கம் இரட்டைத் துணி. நடுவில் கைக்குழந்தைக்கு விரிக்கிற மெழுகுத்துணியில் ஒரு சாண். அந்தக் கனம் வெளியே தெரியாமல் இருக்கப் பின்னால் அகல அகலமாக மடிப்பு. இடுப்புப் பட்டைக்கு உள்ளே இரண்டு நாடா, துணியைக் கட்டிக்கொள்ள. மாற்றுத் துணி வைத்துக்கொள்ளப் பக்கத்துத் தையலில் ஒளிவாக ஒரு பை. பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி அடி விளிம்பில் மஞ்சள் நூலால் கைத்தையல் போட்டாள். உலகு உடுத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள் பாருங்கள், எனக்கே பொறாமையாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் பம்பாய் மாடலா என்று கேட்டார்கள். ஆமாம், துணி பம்பாய், மாடல் தென்காசி என்றேன்.

சுகிர்தம் டீச்சர் அதைக் கமிட்டிக்குக் கொண்டுபோனார்கள். நிஜத்தைச் சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவிடுவார்கள் என்று, சாரல் சேற்றில் வெள்ளை அழுக்காகிறது என்று மட்டும் சொன்னார்களாம். வெள்ளையும் உடுத்தலாம், விரும்புகிறவர்கள் அரக்கும் உடுத்தலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. தாய்மார்களிடம் மட்டும் டீச்சர் காதோடு காதாக விவரம் சொன்னார்கள். இருபத்தாறு பேர் தைக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒன்றுதான் கேட்டார்கள். புதுசுதானே, பார்த்துவிட்டு அப்புறம் கேட்பார்கள். உலகுவுக்கு மட்டும் மூன்று தைத்து, அவள் வெள்ளையை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உங்களுக்கு இதெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன லீவில் நீங்கள் வந்திருந்தபோது நான் மூன்று நாள் புறவாசல் சாய்ப்பில் இருந்தேனே, சோற்றுத் தட்டை வாசல்படியில் வைத்துவிட்டுக் குடைக்கம்பால் என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். நம் வீட்டு வழக்கத்தை நான் மாற்றச் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உலகு பத்தாவதில் முதல் மார்க் வாங்க வேண்டும் என்று உலகம்மனை நினைத்து ஒரு கும்பிடு போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மனைவி
கோமதியம்மாள்


தென்காசி,
23-9-1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலே வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் அக்கா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு எழுதிவிட்டார்கள் என்று அதிலேயே தெரிந்தது. மதினிக்குச் சுரண்டையில் இருந்துகொண்டே தென்காசியில் நடப்பது எல்லாம் தெரியும். இந்த முறை நேரிலேயே இருந்தார்கள். இருந்தவர்கள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம், சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு நாள், நானும் ஹாஜரா பீவியும் சிற்றாற்றுக்குப் போகிற சந்தில் நடந்தோம். இரண்டு பக்கமும் வீடுகளின் புறவாசல். ஒவ்வொரு புறவாசலிலும் விலக்குச் சேலை காயப்போடத் தனியாக ஒரு கொடி இருக்கும், நம் வீட்டில் இருப்பதுபோலத்தான். அந்தக் கொடிகளில் பார்த்தேன். பழைய சேலைக்குப் பக்கத்தில் என் அரக்குப் பாவாடை. இந்த வீட்டில் ஒன்று, அடுத்த வீட்டில் ஒன்று. வெள்ளைப் பாவாடைகள் வேறு கொடியில் தனியாகக் காய்ந்தன.

தாய்மார்கள் யாரும் அதை யூனிபாரமாக வாங்கவில்லை அத்தான். விலக்குத் துணியாக வாங்கியிருக்கிறார்கள். அந்த மூன்று நாளுக்கு அரக்கு, மற்ற நாளுக்கு வெள்ளை. பதினைந்து வருஷமாகத் தைக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு பாவாடை எவளாவது தைப்பாளா? துவைத்துப் போட்டால் மாற்றுக்கு என்ன செய்வாள்? அதைக்கூட யோசிக்காத கூறு கெட்டவளாக, கைராசி கைராசி என்று நினைத்துக்கொண்டு மிஷினை மிதித்திருக்கிறேன்.

வெள்ளை உடுத்திய காலத்தில் என்றைக்காவது ஒருத்தி மாட்டிக்கொள்வாள். இப்போது எல்லாரும் முறை வைத்து ஊருக்கு அறிவித்துக்கொண்டு போகிறார்கள். சைக்கிள் கடையில் நிற்கிற தடியன்கள் இன்றைக்கு ஐந்து, இன்றைக்கு ஏழு என்று எண்ணுகிறார்களாம். வகுப்பில் அரக்கு உடுத்தி வந்தவள் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது, கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்று பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஹாஜரா பீவியிடம் சொல்லி அழுதேன். அவள், "எங்களுக்கு அந்த நாள்ல தொழுகதான் கெடையாது. பானையத் தொடாதேன்னு யாரும் சொல்லலியே கோமதி" என்றாள்.

உலகுவுக்கு இதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. அவள் தினமும் அரக்குதான் உடுத்தினாள். உனக்கு என்ன தினமுமா என்று கேட்டதற்கு, ஆமாம் தினமும்தான் என்று சொல்லியிருக்கிறாள். அந்த வாய் உங்கள் அம்மாவின் வாய்.

இனி குற்றாலத்து விஷயம். ஆவணி முதல் சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பெண்களை மெயினருவிக்குக் கூட்டிப்போனார்கள். சீசன் குளிக்க வந்திருந்த மதினியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. அக்ரகாரத்துப் பாலாம்பாள், உலகுவோடு ஒரே பெஞ்சில் இருக்கிறவள், அன்றைக்கு விலக்கு. அரக்கு உடுத்தி வந்தாள். அவளை எல்லாருடைய செருப்புக்கும் காவலாகப் பஸ் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். உலகுவும் அரக்குதானே, நீயும் உட்கார் என்றிருக்கிறார்கள். அவள் நேரே பெண்கள் பக்கத்து அருவிக்குள் போய் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, வெளிய வாட்டி! கோயில் பக்கத்துத் தண்ணிய நாசம் பண்ணுதியே!" என்று கத்தியது வேறு யாரும் இல்லை, உங்கள் அக்காதான். அந்த அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரச்சேலையோடு விழுந்தடித்து ஓடியிருக்கிறார்கள். ஓட்டத்தில் ஒரு வெளியூர் அம்மாள் பாசியில் வழுக்கி முழங்கை பெயர்ந்துவிட்டது. அந்தப் பழியும் என் மகள் தலையில்தான். அத்தனை பேரும் ஓடிய பிறகு அவள் ஒருத்தி மட்டும் அருவிக்குள் நின்றிருக்கிறாள்.

அத்தான், அவள் அன்றைக்கு விலக்கே இல்லை. தலைக்குக் குளித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாதா? சுகிர்தம் டீச்சர் அங்கேயே மூன்று தடவை கேட்டார்களாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லு, முடிந்தது என்று. சொட்டச் சொட்ட நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பெண் அன்றைக்கு விலக்கில்லை என்று தாயார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கமிட்டி மன்னிக்குமாம். நான் பேனாவை எடுத்தபோது உலகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் குடுக்காதம்மா. அன்னைக்கு நான் விலக்கா இருந்திருந்தா அவங்க செஞ்சது சரின்னு ஆயிரும்லா?" என்றாள்.

நான் எழுதிக் கொடுத்தேன். பரீட்சைக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு காகிதம்தானே என்று நினைத்தேன். அதை மறுநாள் காலைப் பிரார்த்தனையில் மைக் வைத்து வாசித்தார்கள். என் மகள் உலகம்மாள் மேற்படி தேதியில் வீட்டு விலக்கில் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன், இப்படிக்குக் கோமதியம்மாள். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாரும் கேட்டான். வாசித்து முடித்ததும் பள்ளிக்கூடமே பாலாம்பாளைத் திரும்பிப் பார்த்ததாம். இவள் இல்லை என்றால் அன்றைக்கு உண்மையிலேயே விலக்காக இருந்துகொண்டு வந்தவள் அவள்தானே. அந்தப் பெண் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, உங்க பொண்ணு சுத்தம்னு எழுதிக் கொடுத்துட்டேளே, இன்னும் என்ன வேணும் என்று கேட்டாள்.

உலகு என்னிடம் பேசி ஒரு மாதம் ஆகிறது. அம்மா என்று கூப்பிடுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். தினமும் அரக்கு உடுத்திப் பள்ளிக்கூடம் போகிறாள். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கணக்கில் மட்டும் இன்னும் நூறுதான்.

நான் அனுப்பிய துணி என் மானத்தை வாங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். துணி என்ன செய்யும், அது பாட்டுக்குக் கிடந்தது. பெண்ணை அக்கா மகன் வல்லிநாயகத்துக்குத் தையில் முடித்துவிடலாம், இதற்குப் பிறகு வேறு எவன் கட்டுவான் என்று அக்கா பெரிய மனசு பண்ணிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கத்தி ஊரைக் கூட்டியவர்களே இப்போது காப்பாற்றவும் வருகிறார்கள். வல்லிநாயகம் நல்ல பையன்தான், உரக்கடையும் நன்றாகத்தான் நடக்கிறது. பிள்ளை பரீட்சை எழுதட்டும்.

மிஷினை மூடி வைக்கச் சொல்லியிருந்தீர்கள். மூடினேன். மூன்று நாள் மூலையில் கிடந்தது. நாலாம் நாள் தண்ணீர் தெளித்துத் துடைத்து உள்ளே சேர்த்துக்கொண்டேன்.

வயிறு எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை.

இப்படிக்கு,
கோமதியம்மாள்


தென்காசி,
30-1-1980

அத்தானுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் வேண்டும். பால் பொங்கியது. இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீங்கள் அனுப்பிய சேலையும் வந்தது. மயில்கழுத்து நிறம், நன்றாக இருக்கிறது. உடுத்தவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

தைக்க யாரும் வருவதில்லை. ஏற்கெனவே கொடுத்த இரண்டு பேர் ஜாக்கெட் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மாறாக, அரக்குப் பாவாடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. பைக்கு ஆகுமா, தலையணைக்கு ஆகுமா என்று கேட்டுக் கொண்டுவருகிறார்கள். கையில் தரமாட்டார்கள், கீழே வைப்பார்கள். தீட்டுப் பாவாடை என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. ஹாஜரா பீவி மட்டும் எப்போதும்போல வந்து உட்கார்ந்து மஞ்சள் தையலைப் பிரித்துக் கொடுக்கிறாள். போட்டவளே பிரிக்கிறேன் பார் என்று சிரிக்கிறாள். அவள் சிரித்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

பாலாம்பாளைச் சென்னையில் யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கார்த்திகையில் நடந்ததாம். பதினாறுகூட முடியவில்லை. உலகு அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. என் ஒரு கையெழுத்தில் ஒரு பெண் படிப்பு போய்விட்டது. என் பெண் படிப்பைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட கையெழுத்து.

அதுவும் காப்பாற்றவில்லை. பொங்கல் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்ததும் இனி வெள்ளை மட்டும்தான் என்று கமிட்டி உத்தரவு போட்டுவிட்டது. மற்ற எல்லாரும் வெள்ளைக்குத் திரும்பிவிட்டார்கள். உலகு உடுத்த மாட்டேன் என்கிறாள். பெட்டியில் இருந்த வெள்ளையை நானே எடுத்துத் துவைத்துப் பெட்டி போட்டு வைத்தேன். தொடவில்லை. தினமும் அரக்கு உடுத்திப் போகிறாள், காவல்காரர் கேட்டுக்குள் விடுவதில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறாள். மணி அடித்ததும் வீட்டுக்கு வருகிறாள். இப்படியே மாசி வரை போனால் வருகைநாள் பற்றாது, பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

சுகிர்தம் டீச்சர் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். அவர்களையும் கமிட்டியில் வைத்துத் திட்டியிருக்கிறார்கள். சேற்றைச் சொல்லி ஏமாற்றிவிட்டாய் என்று. இருந்தும் பழைய விதிகளை எல்லாம் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். திருச்செந்தூருக்கு மாலை போட்டுப் பச்சை உடுத்துகிற பிள்ளைகளை வகுப்பில் விடுகிறார்கள் அல்லவா? வேண்டுதலுக்காக ஒரு பிள்ளை வேறு நிறம் உடுத்தலாம் என்று கமிட்டி விதியே இருக்கிறதாம். யாரும் அதைத் தடுக்க முடியாதாம். என்ன வேண்டுதல் என்றுகூடக் கேட்கக் கூடாதாம். பிள்ளையின் தகப்பனார் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

தாயார் எழுதினால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாதாம். யோசித்துப் பாருங்கள் அத்தான். என் பெண் விலக்கில்லை என்று மைக்கில் வாசிக்க என் கையெழுத்து போதும். அவள் படிக்கலாம் என்பதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

இத்தோடு காகிதத்தை வைத்திருக்கிறேன். டீச்சரே எழுதிக் கொடுத்தது. ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் இருக்கிறது. கீழே கையெழுத்து மட்டும் போடுங்கள். பொய்யாக எப்படிப் போடுவது என்று யோசிக்காதீர்கள். வேண்டுதல் நிஜம்தான், என்னுடையது. உலகம்மன் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டுவிட்டேன்.

மயில்கழுத்துச் சேலை ஏன் உடுத்தவில்லை என்றால், துணிக்கட்டில் மிச்சம் இருந்த அரக்கில் ஆறு கெஜம் எடுத்து ஓரம் அடித்துச் சேலையாக்கிக் கட்டிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமையில் இருந்து. கடைக்கும் அதுதான், கோவிலுக்கும் அதுதான், காலையில் பால் வாங்கவும் அதுதான். காய்கறிக்காரி உனக்கும் மகளைப்போல மாதம் முப்பது நாளுமா என்று எகத்தாளம் பேசினாள். ஆமாம், முப்பதுதான், சில மாதம் முப்பத்தொன்று என்றேன். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் ஒதுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதித் தெருவில் நிற்கிறார்கள். முதல் நாள் கூச்சத்தில் நடக்க முடியவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை இதை ஏழு மாதமாக ஒற்றையாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாளே என்று நினைத்தபோது கூச்சம் போய்விட்டது.

முதல் நாள் சாயங்காலம் உலகு வேப்பமரத்தடியில் இருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். முந்தானையைக் கையில் எடுத்து ஓரம் அடித்திருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னாள்: "ஒண்ணு போதாதும்மா. தொவைச்சுப் போட இன்னொண்ணு வேணும்லா."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் பேசியது இவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். பாலாம்பாள் விஷயத்தில் அவள் மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் அம்மா என்றாள்.

ஆகவே, அதே சாயத்தில் இன்னும் ஆறு கெஜம் அனுப்புங்கள். திட்டுத் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மாசியில் லீவு எழுதியிருப்பதாகவும், வந்து வல்லிநாயகத்துக்குப் பூ வைத்துவிட்டுப் போவதாகவும் மதினி சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் வாருங்கள். பூவை மட்டும் பரீட்சை முடிகிற வரை கொண்டுவராதீர்கள். முடிந்த பிறகு அவளிடமே கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இனிமேல் அவளுக்காக நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கிறதாக இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வந்த இடத்தில் உங்களுக்குத் திகைப்பாக இருக்கக் கூடாது. புறவாசல் சாய்ப்பில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறேன். படுக்க இடம் கிடையாது. தனிக் கொடியையும் அவிழ்த்துவிட்டேன். நீங்கள் வருகிற அன்றும் நான் அரக்குச் சேலையில்தான் இருப்பேன். அந்த மூன்று நாளா, மற்ற நாளா என்று பார்த்தால் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டேன். ரயில் அலுப்போடு வருவீர்கள். சுடுசோறும் நீங்கள் கேட்கிற சொதியும் செய்து, தட்டை என் கையால் நீட்டுவேன்.

குடையை வாசல் திண்டில் சாய்த்துவிட்டு, கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள் அத்தான்.

கோமதி